இருப்புப்பாதை உலாவழி: ஒரு கலைச்சொல் பரிந்துரை

அன்பர்களுக்கு வணக்கம்.

ரயில் ஓட்டம் நின்றுபோன பாதையில் தண்டவாளத்தையும் கட்டைகளையும் அகற்றி, மேற்பரப்பைச் செப்பனிட்டு, நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் திறந்துவிடும் வழியை ஆங்கிலத்தில் ‘ரெயில் டிரெயில்’ என்கிறார்கள். இதற்குத் தமிழில் ‘ரயில் தடம்’, ‘தண்டவாள நடைபாதை’, ‘பசுமைவழி’ என்று மூன்று சொற்கள் நம் கலைச்சொல் விவாதத்தில் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் மதித்தே என் மாற்றுக் கருத்தை எழுதுகிறேன்.

‘ரயில் தடம்’ சுருக்கமான சொல்தான். ஆனால், ‘ரயில் தடம் புரண்டது’ என்று செய்தித்தாளில் படித்துப் பழகிய நமக்கு, ரயிலோடு சேர்ந்து வரும் ‘தடம்’ இன்றும் வண்டி ஓடுகிற தண்டவாளத்தையே குறிக்கும். ‘தண்டவாள நடைபாதை’யில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல், தண்டவாளம் இல்லாததே இவ்வழியின் முதல் அடையாளமாக இருக்க, அதன் மேல் நடக்கச் சொல்வதுபோல் பெயர் அமைந்துவிடுகிறது. ‘பசுமைவழி’ அழகான சொல். ஸ்பெயினில் 1993 முதல் இத்தகைய வழிகளை அந்தப் பொருள்படும் பெயராலேயே அழைக்கிறார்கள். ஆயினும் ஆற்றங்கரைப் பாதையும் பூங்காக்களை இணைக்கும் பாதையும்கூடப் பசுமைவழிதான் என்பதால், அதைப் பொதுப்பெயராக வைத்துக்கொள்வதே பொருத்தம்.

இந்த வழி பழைய இருப்புப்பாதையின் மேலேயே அமைந்தது என்பதைச் சொல் விட்டுவிடக் கூடாது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ஓடும்போது பிடிமானம் குறைவு என்பதால், செங்குத்தான ஏற்றத்தில் ரயில் ஏறாது. அதற்காகவே மேட்டை வெட்டி, பள்ளத்தில் கரை எழுப்பி, மலையைக் குடைந்து, பள்ளத்தாக்கின் குறுக்கே பாலம் கட்டி, மிக மெல்லிய சரிவில் பாதை போட்டார்கள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கையும் கம்பர்லாந்தையும் இணைக்கும் ‘கிரேட் அலிகேனி பாசேஜ்’ என்னும் ஏறத்தாழ 240 கி.மீ. வழியைப் பாருங்கள். கம்பர்லாந்திலிருந்து புறப்படுபவர் சுமார் 38 கி.மீ. தொலைவில் 540 மீட்டருக்கு மேல் உயர்ந்து, மழைநீர் இருபுறமும் பிரிந்தோடும் கிழக்குக் கண்ட நீர்ப்பிரிமேட்டைத் தொடுகிறார். ஆனால் சரிவு சராசரியாக நூறு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர்தான். அப்பலாச்சிய மலைத்தொடரைச் சாதாரண மிதிவண்டியில் கடக்க முடிவது இதனால்தான். உச்சிக்கு அருகில் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள ‘பிக் சாவேஜ்’ சுரங்கம் இருக்கிறது. குளிர்காலத்தில் அதன் வாயிற்கதவுகளை மூடிவிடுகிறார்கள். காலடியில் சரளைக்குப் பதிலாக நொறுக்கிய சுண்ணாம்புக்கல் தூள் இறுகிக் கிடக்கிறது. சரிவும் சுரங்கமும் பாலமும் ரயில் விட்டுச்சென்றவை; எனவே ‘இருப்புப்பாதை’ என்னும் அடை பெயரில் இருந்தாக வேண்டும். ரயில், தொடர்வண்டி, தொடருந்து, புகையிரதம் என்று வண்டியின் பெயர் தமிழ்நாட்டுக்கும் ஈழத்துக்கும் இடையே வேறுபட்டாலும், இருப்புப்பாதை எல்லோருக்கும் விளங்கும்.

‘நடைபாதை’ என்பதையும் நான் ஏற்கத் தயங்குகிறேன். இந்த வழிகளில் மிதிவண்டியினரும், சரிவு குறைவென்பதால் சக்கர நாற்காலியினரும் செல்கிறார்கள்; அமெரிக்காவில் சில வழிகளில் குதிரைக்கும் இடமுண்டு. இவர்கள் அனைவரையும் உள்ளடக்கும் வேர்ச்சொல் ‘உலா’. நம் உலா இலக்கியத்தில் தலைவன் யானையிலும் குதிரையிலும் தேரிலும் வருகிறான். இன்றைய வழக்கில் நாம் காலாற உலாவுகிறோம். இன்பத்துக்காகச் செல்வது என்ற பொருளும் அதில் இருக்கிறது. ஆகவே ‘உலாவழி’யைத் தலைச்சொல்லாகக் கொண்டு ‘இருப்புப்பாதை உலாவழி’ என்று பரிந்துரைக்கிறேன். ‘ரயில் உலாவழி’ என்றால், ரயிலில் அமர்ந்து செல்லும் சுற்றுலா என்று பொருள் திரிந்துவிடும்.

இந்தத் தலைச்சொல்லால் இன்னொரு பயனும் உண்டு. கம்பர்லாந்தில் மேற்சொன்ன அலிகேனி வழி முடியுமிடத்தில், படகிழுக்கும் கோவேறு கழுதைகள் நடந்த பழைய கால்வாய்க்கரைப் பாதை தொடங்கி வாஷிங்டன் வரை செல்கிறது. அதைக் ‘கால்வாய்க்கரை உலாவழி’ எனலாம். கம்பர்லாந்துக்கும் பிராஸ்ட்பர்க்குக்கும் இடையே சுற்றுலா ரயில் ஓடும் தண்டவாளத்தை ஒட்டியே பாதை செல்கிறது. அவ்வகையை ‘இருப்புப்பாதையோர உலாவழி’ என்று பிரித்துக் காட்டலாம்.

இச்சொல்லுக்கு நாம் எழுதிவைத்துள்ள வரையறையில் ஒரு சொல்லை மட்டும் கண்டிப்பாக மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘கைவிடப்பட்ட இருப்புப்பாதை’ என்று எழுதியிருக்கிறோம். அமெரிக்கச் சட்டத்தில் கைவிடுதல் என்பது தனிப் பொருளுடையது. ரயில் நிறுவனங்களுக்குப் பல இடங்களில் நிலத்தின் மேல் வழியுரிமை, அதாவது பிறர் நிலத்தில் பாதை போட்டு ரயில் விடும் உரிமை மட்டுமே இருந்தது. பாதை கைவிடப்பட்டால் அந்த உரிமை அற்று, நிலம் உரியவரிடம் திரும்பிவிடும். 1983 சட்டத்திருத்தம், பிற்காலத்தில் ரயில் மீண்டும் தேவைப்படலாம் என்று பாதையைக் காத்துவைத்து, இடைக்காலத்தில் உலாவழியாகப் பயன்படுத்துவது கைவிடுதல் ஆகாது என்றது. அத்திருத்தம் செல்லும் என்று 1990இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அந்த ஏற்பாட்டால் பிழைத்த வழிகளையே ‘கைவிடப்பட்டவை’ என்று நாம் எழுதினால் சட்டப்படி நேர்மாறான பொருள் வரும். ‘ரயில் ஓட்டம் நின்ற’ என்பதே போதும்.

நம் சொல் உடனடியாகப் பயன்படக்கூடிய இடம், தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக உள்ள சிங்கப்பூர். மலாயா ரயில்வேயின் பாதை அங்கே தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை சென்றது. 2011 ஜூன் 30 அன்று தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் புறப்பட்ட பின், ஏறத்தாழ 24 கி.மீ. நீளமுள்ள அந்த நிலம் மக்கள் உலாவும் பசுமைப் பாதையாயிற்று. புக்கிட் தீமாவின் இரும்புப் பாலங்கள் இன்னும் நிற்கின்றன. அந்தப் பாதையோரத்தில் தமிழ் ரயில்வே தொழிலாளர்கள் வழிபட்ட சிறு கோயிலே, பின்னாளில் குவீன்ஸ்டவுன் ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலாக வளர்ந்தது. அவர்கள் உழைத்த பாதைக்குத் தமிழில் தெளிவான பெயர் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

எனவே கலைச்சொல் பட்டியலில் பதிவு இவ்வாறு இருக்கலாம்: “இருப்புப்பாதை உலாவழி: ரயில் ஓட்டம் நின்ற பாதையின் மேல், அதன் சரிவையும் பாலங்களையும் பயன்படுத்தி, நடப்போர், மிதிவண்டியினர் முதலியோருக்காக அமைக்கப்பட்ட பொதுவழி.” ரயிலுக்காகப் பாதையைக் காத்துவைக்கும் சட்ட ஏற்பாட்டுக்குப் ‘பாதைக் காப்பு’ என்று தற்காலிகமாக எழுதலாம்; நில ஆவணங்களில் பழக்கமுள்ள அன்பர்கள் இதைவிடத் திருத்தமான சொல்லைத் தந்தால் ஏற்றுக்கொள்வேன்.