புதுப்பிப்பு: பத்தாம் வகுப்புக் கூட்டுத் தொடர்வரிசை, இப்போ பிடிபட்டிருச்சுங்க

கூட்டுத் தொடர்வரிசையில (ஒரே எண்ணைக் கூட்டிக்கிட்டே போற வரிசை) அக்கா மகள் அடுத்த எண்ணைச் சட்டுனு சொல்லிடறா, பொது உறுப்பு (எந்த இடத்து எண்ணையும் நேரா தர்ற சூத்திரம்) கேட்டா நின்னுடறான்னு முன்னாடி இங்கே எழுதியிருந்தேனுங்க. வழி சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

கை கொடுத்தது, "இட எண்ணை எழுத வைங்க"ன்னு ஒருத்தர் சொன்னதுதான். கோபிப் பக்கம் எங்க தென்னந்தோப்பையே கணக்காக்கினோம். வேலியிலிருந்து 10 அடியில் முதல் மரம், அப்புறம் 25 அடிக்கு ஒண்ணு: 10, 35, 60, 85. மேலே உறுப்பு, கீழே இட எண் 1, 2, 3, 4. நாற்பதாவது மரம் எங்கேன்னு கேட்டதும் கூட்டிக்கிட்டே போகப் பார்த்தா. "முதல் மரத்துலிருந்து எத்தனை தாண்டல் கண்ணு?"ன்னேன். 39. அங்கேதான் விளங்குச்சு! 10 + 39 × 25 = 985. ஒண்ணை ஏன் கழிக்கணும்னு அதுவரைக்கும் சூத்திரத்தை மனப்பாடம் பண்ணினவளுக்குத் தெரியவே இல்லை. சுருக்கினா, இட எண் × 25 − 15.

திருப்பியும் கேட்டேன்: 500 அடியில் மரம் உண்டா? 500-ஓட அந்த 15-ஐக் கூட்டி, 515-ஐ 25-ஆல் வகுத்தா 20.6. முழு எண் இல்லை, அதனால மரமும் இல்லைன்னு அவளே சொன்னா. எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

பெருக்குத் தொடர்வரிசை (ஒரே எண்ணால பெருக்கிக்கிட்டே போற வரிசை) இன்னும் ஆரம்பிக்கலைங்க. இப்போ 2, 6, 12, 20-ல இருக்கோம். வித்தியாசம் 4, 6, 8-ன்னு மாறுது. ஆனா அந்த வித்தியாசங்களுக்குள்ளே எப்பவும் 2. ஒவ்வொண்ணையும் 1×2, 2×3, 3×4-ன்னு பிரிச்சு எழுதச் சொல்லியிருக்கேன். பொது உறுப்பை அவளே கண்டுபிடிக்கட்டும், யாரும் விடை போட்டுடாதீங்க; இதை அவளும் படிக்கிறா.