புதுப்பிப்பு: அக்கா மகளின் ஆங்கிலச் சொல்வளம்

பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்த அக்கா மகள், கல்லூரிப் பொருளியல் புத்தகத்தில் ஒரு பத்தியைத் தாண்டவே திணறுகிறாள், எந்தச் சொற்பட்டியலில் தொடங்கலாம் என்று கேட்டிருந்தேன். பலர் ஜிஆர்இ (வெளிநாட்டு மேற்படிப்புக்கு எழுதும் நுழைவுத் தேர்வு) பட்டியலைச் சொன்னீர்கள். அதை ஓரங்கட்டிவிட்டோம். அரிய சொற்களை உருப்போட வைத்த எதிர்ச்சொல் கேள்விகளை அந்தத் தேர்விலேயே 2011-இல் எடுத்துவிட்டார்கள். இவளோ அதை எழுதப் போவதும் இல்லை.

கைகொடுத்தது, ஒருவர் போகிற போக்கில் சொன்ன அகாடமிக் வேர்ட் லிஸ்ட். நியூசிலாந்தின் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்டது. சுமார் 35 லட்சம் சொற்கள் அளவுக்குக் கல்விசார் எழுத்துகளை அலசி, 570 சொற்குடும்பங்களை (ஒரே சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும்) பொறுக்கியிருக்கிறார். கலை, வணிகம், சட்டம், அறிவியல் என எல்லாத் துறைக்கும் பொதுவானவை. அதிகம் புழங்குபவை முதல் துணைப்பட்டியலிலேயே வந்துவிடுகின்றன.

அர்த்தம் எழுதி உருப்போடுவது சரிப்படவில்லை. இப்போது 'அனலைஸ்' என்றால் அதே பக்கத்தில் அனாலிசிஸ், அனலிஸ்ட், அனலிட்டிகல். கீழே அவள் பாடப்புத்தகத்திலிருந்தே ஒரு வரி. புத்தகத்தில் சிக்காத சொல்லை அப்படியே விட்டுவிடுகிறோம். (கண்டிப்பான ஆசிரியர்கள் மன்னிக்க.)

வாசிப்பு ஓரளவு ஓடுகிறது. உச்சரிப்புதான் இடறுகிறது. அனலைஸில் முதல் அசையில் விழும் அழுத்தம் அனாலிசிஸில் இரண்டாவதற்குத் தாவிவிடுகிறது, இவளோ இரண்டையும் ஒரே மாதிரி தட்டையாகச் சொல்கிறாள். இதற்கு ஏதாவது நல்ல ஒலிப்பயிற்சி தெரிந்தால் சொல்லுங்களேன்.