தெரபி வேலைக்கும் வீட்டுக்கும் எந்த நாய்? கல்லடியிலிருந்து ஒரு கேள்வி

வாவிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறோம். வீட்டில் மாமி, அவர், இரண்டு பிள்ளைகள். சின்னவனுக்கு ஓட்டிசம். வாராவாரம் ஒரு முதியோர் இல்லத்துக்கு உதவிக்குப் போகிறேன். அங்கே சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஒரு அம்மா ஆட்களோடு பேசுவதே இல்லை, வாசலுக்கு வரும் பூனையோடு மட்டும் கதைப்பார். ஆறுதல் கொடுக்கப் பழக்கிய நாய், தெரபி நாய் என்கிறார்களே, அப்படி ஒன்றைக் கூட்டிப் போனால் என்ன என்று அதனால்தான் தோன்றியது. வீட்டிலும் பிள்ளைகள் நாய் கேட்கிறார்கள். கொழும்பில் ஒருவர் கோல்டன் ரிட்ரீவர் குட்டி இருக்கிறது என்கிறார். இரண்டுக்கும் சரிவருமா?

லப்பிக்காரன்:
அக்கா, நல்ல யோசனை. கோல்டனும் லப்ரடோரும்தான் இந்த வேலைக்கு முதல் தெரிவு. சுட்டு விழுந்த பறவையைப் பல் படாமல் கவ்வி வந்து கையில் கொடுப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்த இனங்கள் இவை. கோல்டன் 1860களில் ஸ்கொட்லாந்தில் உருவானது. மெல்லப் பிடிக்கும் வாய், ஆளின் முகம் பார்த்து நடக்கும் ஆசை இரண்டும் இரத்தத்திலேயே உண்டு. கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டும் நாய்களில் பெரும்பாலானவை இந்த இரண்டும் இவற்றின் கலப்பும்தான். நம்மூருக்கு என்றால் லப்ரடோரை எடுங்கள். மயிர் குட்டை, குளிப்பாட்டிக் காயவைப்பது லேசு.

படுவான்கரைப் பொடியன்:
அக்கா, அவசரப்பட்டுக் காசு கொடுத்துவிடாதீர்கள். கோல்டனுக்கு இரண்டு அடுக்கு மயிர், குளிர்நாட்டு நாய். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். காற்றில் ஈரம் கூடினால் அந்த மூச்சிரைப்பும் சரியாக வேலை செய்யாது. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் கல்லடியில் அது என்ன பாடுபடும்? கச்சான் என்ற சூட்டுக் காற்று வீசும் மாதங்களில் பகல் பத்து மணிக்குமேல் அதை வெளியே கூட்டிப் போகவே முடியாது. ஃபேன் கூடச் சரியாகச் சுற்றாத மண்டபத்தில் அது எப்படி மற்றவரைத் தேற்றும்?

எங்கள் பக்கத்து ஊர் நாய்கள் இந்த வெயிலிலேயே தலைமுறையாக வாழ்கின்றன. குட்டை மயிர், நடுத்தர உடம்பு, பிறவி நோய்கள் குறைவு. கட்டாக்காலியாக அலைவதில் எத்தனையோ சாந்தமானவை இருக்கின்றன. அதில் ஒன்றுக்கு வீடு கொடுங்கள்.

லப்பிக்காரன்:
தம்பி, சாந்தமானவை இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் எந்த நாய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரைக்கும்தான் உலகம் பயமில்லாத இடம் என்று பதியும் காலம். றோட்டில் பிறந்த குட்டி அந்த நாட்களில் கல்லெறியும் சுடுதண்ணீரும் கண்டிருக்கும். உங்கள் பக்கம் இரவில் யானையை விரட்ட யானை வெடி போடுகிறார்கள். வருடப்பிறப்புச் சீனவெடிக்கே கட்டிலுக்குக் கீழே ஒளிக்கும் நாயை ஓட்டிசம் உள்ள பிள்ளையிடம் விடலாமா? அந்தப் பிள்ளை திடீரென்று கத்துவான், காதைப் பிடிப்பான். நல்ல வளர்ப்பாளரிடம் போனால் தாயையும் தகப்பனையும் பார்க்கலாம்.

படுவான்கரைப் பொடியன்:
தகப்பனைக் காட்டும் வளர்ப்பாளர் எத்தனை பேர் அண்ணா? குட்டியைப் பெட்டியில் வைத்து பஸ்ஸில் அனுப்புவதுதான் நடக்கிறது. இன்னொன்று, 2022இல் அமெரிக்காவில் 18,000க்கு மேற்பட்ட நாய்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. தனி நாய்களுக்கிடையே குணத்தில் தெரியும் வேறுபாட்டில் ஏறத்தாழ 9 சதவீதத்தைத்தான் இனம் விளக்குகிறது.

லப்பிக்காரன்:
அதே ஆய்வை முழுதாகச் சொல்லுங்கள். ஆளின் சொல் கேட்டு நடக்கும் குணத்தில் மட்டும் இனத்தின் பங்கு மற்றவற்றைவிடத் தெளிவாகத் தெரிந்தது. தெரபி நாய்க்கு முதலில் தேவைப்படுவதே அதுதானே?

கல்முனைச் சுதா:
பெரிய நாய்தான் வேண்டுமா? இரண்டாம் உலகப்போரில் ஸ்மோக்கி என்ற யோர்க்ஷயர் டெரியர், இரண்டு கிலோ கூட இல்லை, ஆஸ்பத்திரியில் காயப்பட்ட படைவீரர்களைப் போய்ப் பார்த்து ஆறுதல் கொடுத்தது. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு மடியில் வைக்கக்கூடிய நாய்தான் வசதி.

ஊசிமருந்து:
சுதா அக்கா, முதியோர் இல்லத்துக்கு நீங்கள் சொல்வது சரி. வீட்டில் இருக்கும் பிள்ளையை நினைத்தால் எனக்குப் பயம். இறுக்கி அணைத்தால் சின்ன நாயின் எலும்பு தாங்காது. வலித்தால் எந்த நாயும் கடிக்கும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களை இந்த வெயிலில் நினைக்கவே வேண்டாம்.

மிருக வைத்தியரோடு வேலை செய்கிறேன், ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். வாவிக்கரை அக்கா, நீங்கள் கேட்பது இரண்டு வேலை. மகனோடு நாள் முழுக்க இருப்பது ஒன்று, அந்நியர்களைப் போய்ப் பார்ப்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே நாய் செய்யலாம், ஆனால் அதற்குக் களைப்பு வரும். கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் "போதும்" என்று அது சொல்வது. அதைக் கண்டதும் எழும்பி வீட்டுக்கு வர உங்களால் முடிய வேண்டும். தெரபி வேலையில் பாதி நாய், பாதி கயிற்றைப் பிடிக்கும் ஆள்.

ஏழு வாரக் குட்டியைப் பார்த்து அது வளர்ந்தபின் எப்படி இருக்கும் என்று சொல்வது கடினம், எந்த இனமானாலும். ஒரு வயது தாண்டிய நாயென்றால் குணம் கண்முன்னே இருக்கும். தட்டு விழும் சத்தம், தடியூன்றி வரும் ஆள், சக்கர நாற்காலி, ஓடிவரும் பிள்ளை எல்லாவற்றையும் காட்டிப் பாருங்கள். திடுக்கிட்டால் பரவாயில்லை, எவ்வளவு கெதியாகத் தெளிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

லப்ரடோர்தான் என்றால் தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரே கேளுங்கள். சாப்பாட்டிலும் கவனம். லப்ரடோர்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்கு பசி அடங்காத மரபணு மாற்றம் இருப்பதை 2016இல் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்தார்கள். மாமி பாசத்தில் சோறும் மீனும் போட்டால் இடுப்பு போய்விடும்.

ஊர் நாயென்றால் முதலில் உண்ணிக் காய்ச்சலுக்கு இரத்தம் சோதியுங்கள். விசர்நாய்த் தடுப்பூசி வருடாவருடம். வயல் பக்கம் போகும் நாய்க்கு எலிக்காய்ச்சல் ஊசியும் கட்டாயம். முதியோரிடம் போகும் நாய்க்குப் பச்சை இறைச்சி கொடுக்கக் கூடாது, அதிலிருக்கும் கிருமி அவர்களுக்குத் தொற்றும்.

ஏறாவூர்த் தம்பி:
அக்கா, நான் முஸ்லிம். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நாயின் எச்சில் பட்டால் நாங்கள் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்து. நம் பகுதியில் எந்த இல்லத்திலும் ஆஸ்பத்திரியிலும் எல்லாச் சனமும் இருப்பார்கள். நாய் மேல் எங்களுக்கு இரக்கம் இல்லை என்று நினைக்காதீர்கள், தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுப்பது எங்களிடம் நன்மை. ஆனால் எங்கள் உம்மா ஒருவரின் கையை அது நக்கினால் அவருக்கு அன்றைக்கு ஆறுதல் கிடைக்காது. ஒவ்வொருவரிடமும் முதலே கேளுங்கள். நக்காத, பாயாத, பக்கத்தில் இருந்து பார்க்கும் நாயாக எடுங்கள்.

வாவிக்கரை:
தம்பி, இதை யாருமே எனக்குச் சொல்லவில்லை. மிகவும் நன்றி. இல்லத்தில் அப்படி மூன்று உம்மாமார் இருக்கிறார்கள். நாயை எடுக்க முன்னமே அவர்களிடம் கேட்கிறேன், தனி அறை ஒன்றும் கேட்டுப் பார்க்கிறேன்.

லப்பிக்காரன்:
நக்காமல் இருக்கப் பழக்கலாம். சொல் கேட்கும் இனம் என்றால் அதுவும் லேசு. வளர்ந்த நாய்தான் நல்லது என்று ஊசிமருந்து சொல்வதை ஏற்கிறேன். வெளிநாடு போகிறவர்கள் கைவிடும் லப்ரடோர்கள் இருக்கின்றன அக்கா. மூன்று நாலு வயது, வெயிலுக்குப் பழகியது. அப்படி ஒன்றைப் பாருங்கள். றோட்டு நாயைச் சின்னவனிடம் விடுவதற்கு நான் இன்னும் சம்மதிக்கவில்லை.

படுவான்கரைப் பொடியன்:
சம்மதிக்க வேண்டாம் அண்ணா, வந்து பாருங்கள். எங்கள் வளவில் ஒரு பெட்டை நாய் இருக்கிறது. இரண்டு வயதிருக்கும், கருத்தடையும் செய்தாயிற்று. பாலர் பாடசாலைப் பிள்ளைகள் அதன் மேல்தான் சாய்ந்து கிடப்பார்கள். யானை வெடிக்கு எழும்பி நிற்கும், அப்புறம் திரும்பப் படுத்துவிடும்.

வாவிக்கரை:
கொழும்புக் குட்டியை இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தம்பி, ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏற முன் சின்னவனோடு வரலாமா? லப்பிக்காரன் அண்ணா, கைவிடப்பட்ட லப்ரடோர் எங்கேயும் இருந்தால் அதையும் சொல்லுங்கள், இரண்டையும் பார்த்துத்தான் முடிவெடுப்பேன். ஊசிமருந்து, உண்ணிக் காய்ச்சல் சோதனைக்கு நாய் வெறும் வயிற்றோடு வர வேண்டுமா?