கல்யாணப் பணமும் கல்லூரிப் பணமும்

அடுத்த தேர்தலுக்கு அப்பால் அரசியல் எதையும் பார்ப்பதில்லை என்று பலரும் வருந்துகிறார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆயினும் தருமபுரிப் பக்கம் கல்லூரி ஆசிரியையாகப் பணியாற்றும் எனக்கு நேர்ந்த ஒரு சந்திப்பு, வேறொன்றையும் காட்டியது.

புதுமைப் பெண் திட்ட விண்ணப்பங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, முதலாண்டு மாணவி ஒருவர் தம் தாயுடன் வந்தார். அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்த பெண்களுக்குப் பட்டப்படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் சேரும் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்த தாய், “பத்தாவது பாஸ் பண்ணாதான் கல்யாணப் பணம்னு சொன்னாங்க மேடம். அதனாலதான் எங்கப்பா என்னை ஸ்கூல்ல இருந்து நிறுத்தல” என்றார்.

அவர் சொன்னது மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டத்தை. 1989-இல் தொடங்கியபோது எட்டாம் வகுப்புப் படிப்பைத் தகுதியாக வைத்திருந்த அத்திட்டம், பின்னர் பத்தாம் வகுப்பைக் கேட்டது. கொடுத்த தொகையைவிட அந்த நிபந்தனையே பெரிய காரியம் செய்தது என்பது என் உறுதியான கருத்து. மகளைப் படிக்கவைக்க ஆகும் செலவை மட்டுமே எண்ணிய தகப்பன்மார், படிப்பை நிறுத்தினால் வரும் இழப்பையும் எண்ண வேண்டியதாயிற்று. 2022-இல் அதே திட்டம் திருமணத்தை விட்டு உயர்கல்விக்குத் திருப்பப்பட்டுப் புதுமைப் பெண் திட்டமானபோது, அதைப் பெற வந்து நின்றவர்களில் முந்தைய நிபந்தனையால் படித்த தாய்மாரின் மகள்களும் இருந்தார்கள்.

கையொப்பமிட்டுவிட்டு அந்தத் தாய் கேட்ட கேள்விக்குத்தான் என்னிடம் முழுமையான விடை இல்லை: “டிகிரி முடிச்சதும் ஓசூருக்கு வேலைக்கு அனுப்பினா, பயமில்லாம தங்க இடம் கிடைக்குமா மேடம்?”

2021-22 கணக்கெடுப்பின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்திய அளவில் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. சேர்க்கையில் இவ்வளவு முன்னேறியும், பட்டம் பெற்ற பெண் ஓராண்டு வேலையின்றி வீட்டிலிருந்தால் எங்கள் பகுதியில் அடுத்த பேச்சு திருமணமாகவே இருக்கிறது. பணிபுரியும் மகளிருக்காக அரசு நடத்தும் தோழி விடுதிகள் நல்ல தொடக்கம். அவை தொழிற்பேட்டை உள்ள ஒவ்வொரு ஊருக்கும் வர வேண்டும். மாதந்தோறும் வரும் அந்த உதவித்தொகையும் பட்டத்தோடு நின்றுவிடாமல், முதல் வேலையின் முதல் ஆண்டுவரை தொடர வேண்டும்.