சாமியார் பங்களாவில் நான் பூசிய சிமெண்ட்

பழைய சாமியார் பங்களா, அதாவது கத்தோலிக்கப் பாதிரியார்கள் குடியிருந்த வீடு ஒன்றைப் பற்றிய கதை இது. இதில் குற்றவாளி நான்தான்.

மதுரையிலிருந்து திருப்புவனம் தாண்டி ஒரு கிராமம். அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லாரும் இடைக்காட்டூர் திரு இருதயக் கோயிலுக்குத்தான் போவார்கள். 1894இல் செல் என்ற சாமியார் பிரான்சின் ரைம்ஸ் பேராலயச் சாயலில் கட்டியது, பார்க்க வேண்டியதுதான். ஆனால் சாமியார்கள் குடியிருந்த பங்களாவை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

நான் சொல்லும் கிராமத்துப் பங்களாவுக்கு இரண்டடி கனத்தில் சுவர், முன்னால் வளைவு வைத்த தாழ்வாரம். மேலே மெட்ராஸ் தெராஸ்: தேக்குச் சட்டங்களின் மேல் ஒல்லிச் செங்கல்லை மூலைவாட்டில் குத்துக்கல்லாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு இடித்து, தட்டோடு பதித்த தளம். கத்திரி வெயிலில் உள்ளே போனால் குளுமையில் சட்டையின் வேர்வை ஈரம் காய்ந்துவிடும்.

பன்னிரண்டு வருடம் முன்பு சுவரின் அடிப்பகுதியில் பூச்சு உதிர்கிறதென்று கூப்பிட்டார்கள். "சுண்ணாம்பே பூசுங்க தம்பி" என்றார் அப்போதிருந்த ஃபாதர். சுண்ணாம்பை ஊறப்போட்டு அரைக்க யாரால் ஆகும்? மூன்றடி உயரத்துக்கு சிமெண்ட் பூசி இரண்டே நாளில் முடித்தேன். பளிச்சென்று இருந்தது.

இரண்டு மழைக்காலம்தான். அந்தக் காலத்து அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்பு கிடையாது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகத்தான் காய வேண்டும். சிமெண்ட் அதை அடைத்துவிட்டது. ஈரம் மூன்றடிக்கும் மேலே ஏறி, அங்கே உப்புப் பூத்துக் கிடந்தது.

போன வருடம் என் செலவிலேயே சரிசெய்யப் போனேன். கூட வந்த வயசான கொத்தனார் கரண்டிக் காம்பால் தட்டிக் கேட்டுவிட்டு, "பொக்குண்ணே, கையாலேயே வந்துரும்" என்றார். பாளம் பாளமாக வந்தது. பின்னால் செங்கல் மாவாகியிருந்தது. அப்புறம் சுண்ணாம்பு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர், பானையைச் சுற்றி எறும்பு. பூச்சு காயக் காய நனைத்து நனைத்து ஒரு மாதம் ஓடியது.

ஆபீஸ் அறையில் மட்டும் ஒரு ஆள் அகலத்துக்கு என் சிமெண்ட் இன்னும் இருக்கிறது. அதை மறைத்து ஞானஸ்நானப் பதிவேடுகள் அடுக்கிய தேக்கு பீரோ நிற்கிறது. நகர்த்த ஆறு ஆள் வேண்டுமாம். திருவிழா முடியட்டும் என்றார் கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை.