இணைந்த கணிதத்தில் ‘ஏ’ எடுத்தால் ஆலோசனை தேவையில்லையா?

உவர்மலை ஆசிரியர்:
“இணைந்த கணிதத்தில் ‘ஏ’ எடுத்த பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கணிதப் பட்டத்துக்குப் போகலாம், யாரிடமும் ஆலோசனை கேட்கத் தேவையில்லை” என்று ஒருவர் முகநூலில் எழுதியிருக்கிறார். இணைந்த கணிதம் என்பது தூய கணிதமும் பிரயோக கணிதமும் சேர்ந்த உயர்தரப் பாடம், ‘ஏ’ அதன் உயர்ந்த பெறுபேறு. பல்கலைக்கழக அனுமதிக்கு வைத்துப் பார்க்கும் இசட் புள்ளி வெளிவந்து, பிள்ளைகள் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தெரிவுகளை வரிசைப்படுத்தும் நேரம் இது. இந்த நேரத்தில் இப்படி எழுதுவது பொறுப்பற்ற செயல். உயர்தரத்தில் எல்லையைக் கணித்தால் போதும். எக்ஸ் பூச்சியத்தை அணுகும்போது சைன் எக்ஸை எக்ஸால் வகுத்தால் 1 என்று எடுத்துக்கொண்டு விடையை எழுதிவிடலாம். பல்கலைக்கழகத்தில் மெய்ப் பகுப்பாய்வு என்ற பாடம் தொடங்கியதும் எல்லை என்றால் என்ன என்பதையே எப்சிலன், டெல்டா என்ற சிறிய எண்களை வைத்து வரையறுத்து, விடையை நிறுவச் சொல்வார்கள். அதுவும் ஆங்கிலத்தில். தமிழில் படித்து ‘ஏ’ எடுத்த எத்தனை பிள்ளைகள் அந்த இடத்தில் திகைத்து நின்றார்கள் என்பது எனக்குத் தெரியும்.

மூதூர் பட்டதாரி:
அதை எழுதியவன் நான்தான், ஐயா. மறைத்துப் பேச வேண்டியதில்லை. முதல் தடவையிலேயே ‘ஏ’ எடுத்தேன். வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தேன். எந்த ஆலோசகரின் கதவையும் தட்டாமல் சிறப்புப் பட்டத்தோடு வெளியே வந்தேன். ‘ஏ’ என்பது ‘ஏ’தான்.

கிண்ணியா தாய்:
என் மகனும் ‘ஏ’ எடுத்தவன்தான். முதலாம் ஆண்டிலேயே இரண்டு பாடங்களில் தவறிவிட்டான். தன் குழுவுக்கென்று ஒரு விரிவுரையாளர் ஆலோசகராக இருக்கிறார் என்பது அவனுக்கு மூன்றாம் ஆண்டில்தான் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை. கேட்டால் மட்டமாக நினைப்பார்கள் என்று அவனும் கேட்கவில்லை. அடுத்தவள் இப்போது விண்ணப்பிக்கிறாள். அதனால்தான் கேட்கிறேன், எதை முதலில் போடுவது?

மூதூர் பட்டதாரி:
உங்கள் மகன் எத்தனையாவது தடவையில் ‘ஏ’ எடுத்தார், அக்கா?

கிண்ணியா தாய்:
இரண்டாவது தடவை. மூன்று தடவை எழுதலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது, தம்பி. அது குற்றமா?

மூதூர் பட்டதாரி:
குற்றம் என்று நான் சொல்லவில்லை. நான் சொன்னது முதல் தடவை ‘ஏ’யைப் பற்றி.

உவர்மலை ஆசிரியர்:
முகநூலில் “முதல் தடவை” என்ற சொல்லே இல்லை, தம்பி. பிள்ளையைப் பற்றி வருந்தும் தாயிடம் கேட்கிற கேள்வியா இது? அக்கா, நான் சொல்கிறேன். உங்கள் மகளின் இசட் புள்ளி எட்டக்கூடிய தெரிவுகளில் எது மேலே இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். ஆகவே பயந்து வரிசையை மாற்றாமல் உண்மையில் விரும்புவதை மேலே போடச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் விஞ்ஞான பீடத்தில் கணிதம் இருக்கிறது. கணினியோடு சேர்த்துப் படிக்க விரும்பினால் வவுனியாவில் பிரயோக கணிதமும் கணிப்பிடலும் இருக்கிறது. உள்ளே போனதும் முதல் வாரத்திலேயே ஆலோசகரைச் சந்திக்க வேண்டும். மூன்று ஆண்டுப் பொதுப் பட்டமா, நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டமா என்பதை முதல் ஆண்டுகளின் பெறுபேறுதான் தீர்மானிக்கும். தொடக்கத்தில் புள்ளிவிபரவியலை விட்டுவிட்டுப் பிறகு அதில் சிறப்புப் பட்டம் கேட்டு அலைந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நிலாவெளி வாசி:
எல்லாரையும் ஏன் வெளியூருக்கு விரட்டுகிறீர்கள்? இங்கே கோணேசபுரியிலேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. வீட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் போய் வரலாம்.

உவர்மலை ஆசிரியர்:
அங்கே பிரயோக விஞ்ஞான பீடத்தில் இருப்பவை கணினி விஞ்ஞானமும் பிரயோக பௌதிகமும் இலத்திரனியலும். நல்ல படிப்புகள்தான், நான் குறை சொல்லவில்லை. பஸ் வசதிக்காகப் பாடத்தையே மாற்றச் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன்.

நிலாவெளி வாசி:
எங்கள் ஊர் வளாகம் என்றாலே உவர்மலைக்காரர்களுக்கு இளக்காரம். இது இன்று நேற்று வந்ததல்ல.

வடமராட்சி மைந்தன்:
திருகோணமலை ‘ஏ’க்கு இவ்வளவு ஆரவாரமா? நீங்கள் மாவட்ட ஒதுக்கீட்டில் உள்ளே போகிறவர்கள். நோபல் பரிசு பெற்ற பௌதிக மேதை டிராக்கிடம் படித்த கணிதப் பேராசிரியர் எலியேசர் எங்கள் வடபகுதிக்காரர்.

மூதூர் பட்டதாரி:
வினாத்தாள் இலங்கை முழுவதற்கும் ஒன்றுதான். எங்கள் ‘ஏ’யும் உங்கள் ‘ஏ’யும் ஒரே ‘ஏ’தான்.

உவர்மலை ஆசிரியர்:
இதில் மட்டும் தம்பி சொல்வது சரி. ஆனால் ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசுபவர் முதலில் அதைப் படிக்க வேண்டும். 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில். 55 வீதம் மாவட்டங்களுக்கு. மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் யாழ்ப்பாணமும் இருக்கிறது. எலியேசரின் பெருமை எல்லாத் தமிழருக்கும் உரியது. அதை வைத்து எங்கள் பிள்ளைகளைத் தாழ்த்த உங்களுக்கு உரிமையில்லை.

வடமராட்சி மைந்தன்:
போர்க்காலத்தில் நாங்கள் குப்பி விளக்கில் படித்ததை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள்.

கிண்ணியா தாய்:
இங்கே மட்டும் மின்சாரம் எரிந்ததா? மகள் முதலில் எதைப் போடுவது என்று கேட்டேன். ஐயா ஒருவர்தான் பதில் சொன்னார்.

மூதூர் பட்டதாரி:
இசட் புள்ளி எட்டினால் எதையும் போடலாம், அக்கா. இணைந்த கணிதத்தில் மகளுக்கு என்ன பெறுபேறு?

உவர்மலை ஆசிரியர்:
திரும்பவும் அதே கேள்வி. ஓர் எழுத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறீர்கள்.

மூதூர் பட்டதாரி:
விடமாட்டேன். நீங்கள் உயர்தரத்தில் என்ன எடுத்தீர்கள், ஐயா?

உவர்மலை ஆசிரியர்:
எங்கள் காலத்தில் தூய கணிதம் வேறு, பிரயோக கணிதம் வேறு. பௌதிகத்தையும் இரசாயனத்தையும் சேர்த்து நான்கு பாடங்கள் எழுதினோம். மூன்று பாடம் எழுதியவர்கள் அந்தச் சுமையைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம்.

மூதூர் பட்டதாரி:
அப்படியானால் உங்களிடம் இணைந்த கணிதத்தில் ‘ஏ’ இல்லை.