ராமேஸ்வரம் கோயில் ஊரா, துறைமுக ஊரா?

சேதுக்கரையான்:
ராமேஸ்வரம் என்றாலே கோயில், 22 தீர்த்தம், காசி யாத்திரை என்று பேசி முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அக்கரைக்கு, அதாவது இலங்கைக்குப் போய்வந்தவர்களால் வளர்ந்த ஊர் இது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னை எழும்பூரில் போட் மெயில் ரயில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கே மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போய்ச் சேரலாம். தனுஷ்கோடியில் சுங்க அலுவலகம், தபால் நிலையம், தேவாலயம் எல்லாம் இருந்தன. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் 100 பேருக்கு மேல் இருந்த ரயிலையே கடல் கொண்டுபோனது. மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. ஊரின் பாதி உயிர் அன்றோடு போனது.

மதுரை வாசகன்:
ஐம்பதே வருஷம் ஓடிய துறைமுகத்தை வைத்து ஒரு தீவின் வரலாற்றையே அளக்கிறீர்கள். அந்த ரயிலுக்கு முன்பும் ஜனங்கள் வந்தார்கள், கோயிலுக்காக வந்தார்கள். ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் தலைமுறை தலைமுறையாகத் திருப்பணி செய்தார்கள். மூன்றாம் பிரகாரம் 18ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி எழுப்பியது. தீர்த்தமாடிய ஈரத்துணியோடு ஆட்கள் நடந்து நடந்து தரையெல்லாம் நனைந்து கிடக்கும். அந்த 1212 தூண்களையும் மணல் தீவுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்றால் சும்மாவா? துறைமுகம் போயும் ஊர் நிற்கிறது. கோயில் இல்லாதிருந்தால் 1964க்குப் பிறகு இங்கே யார் தங்கியிருப்பார்கள்?

சேதுக்கரையான்:
அந்தக் கல் படகில்தானே வந்தது! பாலம் வருமுன் தீவுக்கு வேறு வழி ஏது? 1897 ஜனவரியில் விவேகானந்தர் இலங்கையிலிருந்து வந்து இறங்கியது பாம்பனில். பாஸ்கர சேதுபதி போய் வரவேற்றார். அதற்கும் பல நூற்றாண்டு முன்னால் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் ‘சேது’ என்று பொறித்துக் காசு அடித்தார்கள். அக்கரை அரசனின் காசில் இக்கரையின் பெயர்! ஐம்பது வருஷக் கதையா இது?

அப்புறம் கலாம் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்கு வந்த யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்குப் படகில் கொண்டுபோய் விட்டவர் அவருடைய அப்பா. வீடு மசூதித் தெருவில், கோயிலிலிருந்து நடக்கிற தூரம். யாத்திரிகர் கடலைக் கடக்க ஒரு மரைக்காயர் படகு வேண்டியிருந்தது. இந்த ஊரின் குணம் எனக்கு அங்கேதான் தெரிகிறது.

பாம்பன்காரன்:
அண்ணன்மார் இருவருமே வந்துபோகிறவர்களைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். யாத்திரிகர், கப்பல் பயணி, சாமியார், ராஜா. இங்கேயே கிடப்பவர்கள் எங்கே? நான் கடல் தொழில் செய்கிற வீட்டுப் பிள்ளை. விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று கடலைப் பங்கு போட்டுப் பிழைக்கிற ஊர் இது. எங்கள் பக்கத்துப் பெண்கள் விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, மூச்சடக்கி முங்கிக் கடற்பாசி எடுக்கிறார்கள். 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகளைத் தேசியப் பூங்கா ஆக்கியதிலிருந்து அவர்களுக்கு வனத்துறையோடு ஓயாத தகராறு. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு இங்கிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் படகு போகிறதே, அதுவும் இந்த ஊர் வரலாறுதான். எந்தச் சுற்றுலாப் பலகையிலும் எங்களைக் காணோம்.

மதுரை வாசகன்:
தம்பி, உங்கள் பெண்கள் கஷ்டத்தை மறுக்கவில்லை. ஆனால் இழுவைமடி என்கிற பெரிய வலையைப் போட்டுக் கடலடியைச் சுரண்டுவதும் இதே ராமேஸ்வரம் விசைப்படகுகள்தானே? அக்கரைத் தமிழ் மீனவரே வலை அறுந்து நிற்கிறார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பாம்பன்காரன்:
சொல்கிறேன். இழுவைமடியால் நாட்டுப்படகுக்காரனான எனக்கும்தான் நஷ்டம். அதற்காக எல்லை தாண்டினான் என்று பிடித்துப்போய்ச் சிறையில் போடுவதும், படகை நாட்டுடைமை ஆக்குவதும் சரியாகிவிடாது. படகில் கூலிக்குப் போனவன் வீட்டில் அடுப்பு எரிவதில்லை.

சேதுக்கரையான்:
நான் கேட்பது இதற்கும் பொருந்தும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே சுமார் 30 கி.மீ.தான். 1964க்குப் பிறகும் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. 80களில் இலங்கைப் போரால் நின்றது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட முடிந்ததே, இங்கே ஏன் முடியாது? போய்வரும் வழி திறந்தால் இரு கரை மீனவரும் உட்கார்ந்து பேசுவதும் சுலபமாகும். தனுஷ்கோடி ரயில் பாதைக்கு 2019இல் அடிக்கல் நாட்டியதோடு சரி. அதையும் போட்டு முடிக்க வேண்டும்.

மதுரை வாசகன்:
கப்பலுக்கு நானும் கை தூக்குகிறேன். ரயில் பாதைக்கு மாட்டேன். 1964இல் கடல் எடுத்த அதே மணல்திட்டில் மறுபடி தண்டவாளம் போடுவது பணத்தைக் கடலில் கொட்டுவது. 2017இல் தனுஷ்கோடிக் கோடியான அரிச்சல்முனை வரை சாலை போட்ட பிறகே அங்கே எத்தனை வண்டி, எவ்வளவு குப்பை! பூநாரை வந்து இறங்குகிற இடம் அது.

பாம்பன்காரன்:
பூநாரை இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மணலில் இன்னமும் ஓலைக் குடிசை போட்டுக் கரைவலை இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ரயிலோ சரணாலயமோ, எது வந்தாலும் முதலில் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அதற்கு நீங்கள் இருவரும் சம்மதமா, முதலில் அதைச் சொல்லுங்கள்.